போகிறவர் கையில் என்ன இருக்கிறது?

(நாரந்தனையில் கடற்றொழிலாளர்களும் விவசாயிகளும் கூட்டிய தொழிலாளர் ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. தோட்டக் கமிட்டிகளின் வேண்டுகோளுக்கு இணங்க முழுமையாகத் தரப்படுகிறது.)



தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு நாரந்தனையில் என்ன வேலை? புறப்படுமுன் எங்கள் தோட்டக் கமிட்டிகளிலேயே இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இங்கே கொழுந்து இல்லை, பெரட்டுக்களம் இல்லை, லயம் இல்லை. பனையும் கடலும் மாரி மழையை நம்பிய வயலும் இருக்கின்றன. ஆனாலும் உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. மனிதர் ஏன் பிறந்த ஊரை விட்டுப் போகிறார்கள்? போன பிறகு போனவருக்கும், அவர் விட்டுப்போன ஊருக்கும், போய்ச் சேர்ந்த ஊருக்கும் என்ன நடக்கிறது?

பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை வழியாக இந்தப் பக்கம் வருகிற எவரும் பூட்டிய வீடுகளையும், கூரை போன சுவர்களையும், பற்றை மூடிய வளவுகளையும் பார்க்காமல் வர முடியாது. வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், பிரான்சில் இருக்கிறார், சுவிஸில் இருக்கிறார். எங்கள் பக்கம் நிலைமை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இரண்டு குடும்பம் இருக்கிறது. பூட்டி வைக்க வீடு இல்லை; வீட்டுக்கு உறுதி இல்லை. காணி உள்ள இடத்தில் ஆள் இல்லை, ஆள் உள்ள இடத்தில் காணி இல்லை. இந்த நிலை எப்படி வந்தது என்று பேசத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஒரு கல்லைப் பற்றிச் சொல்கிறோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. அதில் ஊராத்துறை என்று வருவது இன்றைய ஊர்காவற்றுறை. பிற தேசத்தார் ஊராத்துறைக்கு வந்து இருக்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

அரசன் இதை அன்பினால் மட்டும் எழுதவில்லை. அவனுக்கு யானையும் குதிரையும் வியாபாரமும் தேவைப்பட்டன. தேவை இருந்தபடியால், வருகிறவனுக்கு என்ன உரிமை, எவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்தான். சுமார் எழுநூறு வருடங்கள் கழித்து எங்கள் முன்னோர் இந்தக் கடலுக்குத் தெற்கே மன்னார்க் கரையில் வந்து இறங்கினார்கள். அவர்களும் தேவைப்பட்டவர்கள்தான். அவர்கள் இல்லாமல் கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. ஆனால் அவர்களுக்காக யாரும் கல் வெட்டவில்லை. அவர்கள் பேரில் கடன்தான் எழுதப்பட்டது.

எங்கள் மக்கள் ஏன் வந்தார்கள்? தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களில் மழை பொய்த்தால் பஞ்சம். மழை பெய்தாலும் விளைச்சல் மிராசுதாருக்கும் வரிக்கும் போனது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊரில் உழுத நிலம் அவர்களுடையதல்ல, குடித்த கிணறும் அவர்களுடையதல்ல. அந்த வேளையில் கங்காணி வந்தான். கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினான் என்பது இன்றைக்கும் எங்கள் கிழவிகள் சொல்கிற கதை. கதையை நம்பி மட்டும் யாரும் வரவில்லை. வீட்டில் உலை வைக்க அரிசி இருந்தவர் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

வந்த வழி உங்களுக்குத் தெரியும். தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்குச் சுமார் 150 மைல் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 2023 இல் மலையக மக்களின் 200 ஆவது வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்களே, அது அந்தப் பெயர் தெரியாதவர்களுக்காகத்தான்.

வந்த களைப்பைவிட மோசமானது வந்த விதம். கங்காணி கொடுத்த முன்பணம், படகுச் செலவு, வழிச் சாப்பாடு எல்லாம் தொழிலாளியின் பேரில் கடன். முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னே அவர் கடன்காரர். அந்தத் தோட்டம் பிடிக்கவில்லை என்று வேறு தோட்டம் போக நினைத்தால் துண்டு வேண்டும். இன்னார் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றுகிற சீட்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்தில் அடித்த துண்டையும் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்ற அடையாளம் அதில் இருந்தது. பொதி மூட்டைக்குக் கட்டுகிற அடையாளம் மாதிரி. துண்டு முறையைச் சட்டம் 1921 இல்தான் தடை செய்தது.

இனி உங்கள் பக்கம். தீவார் ஏன் போனார்கள்? இந்த மண்ணே பாதிப் பதிலைச் சொல்லும். அடியில் சுண்ணாம்புக் கல், மேலே மெல்லிய மண். மாரியில் பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே நல்ல நீராக நிற்கிறது. ஆசைப்பட்டு அதிகம் இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். நெல் ஒரு போகம். பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்கக் காணி பரப்புக் கணக்கிலிருந்து குழிக் கணக்குக்கு வந்துவிடும். ஊர்காவற்றுறையில் பாய்க்கப்பல்கள் வந்து போன காலம் இருந்தது. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு அந்தத் துறைமுகமும் அடங்கியது. ஆகவே பிள்ளைகள் வெளியே போனார்கள்.

ஆனால் எப்படிப் போனார்கள்? அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் படித்து, ஆங்கிலம் எழுதத் தெரிந்து போனார்கள். மலாயாவில் 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. அதன் பிறகு அங்கே ரயில்வேக்கும் திறைசேரிக்கும் பொது வேலைப் பகுதிக்கும் எழுத்து வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் அந்த வேலைகளுக்குப் போனார்கள். மாதச் சம்பளம், விடுமுறை, கடைசியில் பென்ஷன். மலாயாப் பென்ஷனில் கட்டிய கல்வீடும் திருப்பணி செய்த கோயிலும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இருக்கின்றன. இன்னொரு பகுதியினர் தெற்கே போய்க் கடை வைத்தார்கள். கொழும்பிலும், சிங்கள ஊர்களிலும், எங்கள் மலையகப் பட்டணங்களிலும் சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை. சம்பள நாளில் எங்கள் பெரியவர்கள் அரிசியும் கருவாடும் கடனுக்கு எடுத்த கடைகளில் தீவார் கடையும் ஒன்று. மாமன் கடை வைத்தால் மருமகன் பின்னால் வருவான். இருவரும் வருடத்துக்கு ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார்கள்.

இதே மலாயாவுக்குத்தான் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் சொந்தங்களும் ரப்பர் பால் வெட்டப் போனார்கள். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே மொழி. தோட்டக் கந்தோரில் பேனா பிடித்த கிராணி பல இடங்களில் யாழ்ப்பாணத்தவர். வெளியே கத்தி பிடித்தவர் இராமநாதபுரத்தவர். 1942, 1943 இல் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டபோது பிடித்துக்கொண்டு போகப்பட்டு, அங்கே பல்லாயிரக்கணக்கில் செத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தி பிடித்த கையினர்.

இதைச் சொல்வது யாரையும் குத்திக்காட்டுவதற்கல்ல. வித்தியாசம் எங்கே இருந்தது என்று பார்க்கத்தான். ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் கெட்டித்தனம் இல்லாதவர் என்பதல்ல. ஒருவர் புறப்படும்போது கையில் படிப்பு இருந்தது, ஊரில் காணி இருந்தது, திரும்பி வர வீடு இருந்தது, போகிற இடத்தில் கைகொடுக்க உறவு இருந்தது. மற்றவர் புறப்படும்போது கையில் இருந்தது கடன் மட்டும். அடிமைத்தனம் அந்தக் கடனில் இருந்தது, பயணத்தில் அல்ல. இதுதான் நாங்கள் இன்று சொல்ல வந்த ஒரே விஷயம். மற்றவை எல்லாம் இதற்கு விளக்கம்.

தீவுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். எல்லாத் தீவாரும் மலாயாவுக்குப் போகவில்லை. ஈடு வைக்கக் காணி இருந்தவர் போனார். பாடசாலை வாசல் திறந்திருந்தவர் போனார். சாதியின் பேரால் பாடசாலையும் பொதுக் கிணறும் மறுக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பிற்காலத்தில் ஏஜென்சிக்காரனுக்குக் கட்டப் பணம் இல்லாதவர்களும் அப்படியே. வெளிநாட்டுக்காரர்களின் வளவைக் கூலிக்குத் துப்புரவு செய்கிறவர்கள் அவர்களே. இந்த ஒன்றுகூடலைக் கூட்டியவர்களில் பலர் அவர்களின் பிள்ளைகள் என்பதால்தான் எங்கள் சங்கம் இந்த அழைப்பைப் பெருமையாக ஏற்றது.

மனிதர் போவது பற்றிப் பேசினோம். போகாமலே ஒருவரை அந்நியராக்க முடியும் என்பதையும் எங்கள் வரலாறு காட்டுகிறது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் எங்கள் பக்கம் ஒரு பிரதிநிதிகூட இல்லை. மலை அசையவில்லை, லயம் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. சட்டம் மட்டும் எங்களை வெளியே தள்ளியது. அந்தச் சட்டத்தை முன்னிட்டு வடக்கின் அரசியலும் பிளந்தது. தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்த செல்வநாயகம் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். குடிபெயர்ந்தவரின் மகனாக இருந்ததால்தான் குடிபெயர்ந்தவரின் உரிமை அவருக்கு விளங்கியதோ என்று எங்கள் மூத்த தோழர்கள் சொல்வதுண்டு.

பிறகு 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பற்றி இரண்டு பிரதமர்கள் பேசினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்ப்போம். 1974 இல் அந்த மீதியையும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். உடைந்த கப்பலின் சரக்கைப் பங்கிட்ட மாதிரிதான். நயினாதீவுக் கல்வெட்டில்கூடப் பங்கு போடப்பட்டது சரக்கு, ஆள் அல்ல. இங்கே ஆட்களையே பங்கு போட்டார்கள். அண்ணன் இலங்கை, தம்பி இந்தியா. அம்மா ஒரு கரை, மகள் மறு கரை. எங்கள் ரயில் நிலையங்களில் எழுந்த அழுகையை இன்னும் மறக்காத கிழவர்கள் இருக்கிறார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்தில்தான் போய் நின்றார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். இங்கே இருந்தபோது பெயர் இந்தியாக்காரர். 1984 இல் கப்பல் போக்குவரத்து நின்றது. நாடற்ற நிலைக்குச் சட்டப்படியான முடிவு 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களோடுதான் கிடைத்தது.

இந்தக் கரையிலும் அடி விழுந்தது. 1958, 1977, 1983 என்று தெற்கில் கலவரம் வந்தபோதெல்லாம் தீவாரின் கடைகள் எரிந்தன. இரண்டு தலைமுறை உழைப்பு ஓர் இரவில் சாம்பல். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் ஏறியவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1990, 1991 இல் தீவுகளில் நடந்த இராணுவ நடவடிக்கைகளோடு ஊர் ஊராக மக்கள் யாழ்ப்பாணத்துக்கும், பிறகு வன்னிக்கும், கொழும்புக்கும், கடல் கடந்தும் போனார்கள். அப்போது படிப்பைக் கொண்டு போவதா, உறுதியைக் கொண்டு போவதா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. உடுத்த உடுப்போடு போனார்கள். அன்று தீவாரும் எங்கள் பாட்டன்மாரைப் போலவே போனார்கள். பெருந்தொகைப் பணம் கடன்பட்டு, ஏஜென்சிக்காரனை நம்பி, பனிக் காட்டிலும் லொறிக்குள்ளும் ஒளிந்து போனவர்களின் கதை கங்காணிக் காலத்துக் கதைக்குத் தூரமில்லை. முன்பணம் கொடுத்து ஆள் கட்டியவனுக்குப் பதிலாக முன்பணம் வாங்கி ஆள் அனுப்புகிறவன் வந்தான், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் எங்கள் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்து இலங்கைக்கு அனுப்பிய முகாம், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில் இருந்தது. 1983 க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிய அகதிகளை ஏற்ற முகாமும் அதே மண்டபம்தான். அதற்குள் வடக்கத்தியாரும் இருந்தார்கள், வன்னிக்குப் போய் அங்கிருந்து ஓடிய மலையகத்தாரும் இருந்தார்கள். பாட்டன் புறப்பட்ட முகாமுக்குப் பேரன் அகதியாகத் திரும்பினான்.

வன்னியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. உங்கள் பாதையும் எங்கள் பாதையும் சந்தித்த இடம் அது. தோட்டங்கள் அரசுடைமையான எழுபதுகளில் பஞ்சத்திலும், 1977 கலவரத்திலும், 1983 இலும் எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். காடு வெட்டினார்கள், வயலில் கூலிக்கு நின்றார்கள். மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான்நகர் என்ற கிளிநொச்சிக் கிராமங்கள் அவர்களுடையவை. போர்க்காலம் முழுவதும் அங்கே இருந்தார்கள். மற்றவர்களோடு முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். ஆனாலும் பல குடும்பங்களுக்கு இன்னும் குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். மலையகப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு காலம் இருந்தது. பத்து வயதுப் பிள்ளை அடுப்படியில் படுத்து, வீட்டுப் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பாடசாலை வாசல் வரை மட்டும் போனது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எங்கள் சங்கத்தில் தாய்மாராக இருக்கிறார்கள். உறவென்று பேச வந்த இடத்தில் இதை மறைத்துப் பேசினால் அது உறவாகாது. நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறோம்.

போனதால் என்ன விளைந்தது? நன்மையை முதலில் சொல்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த காசில்தான் போர்க்காலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. பாடசாலைக்குக் கட்டடம், கோயிலுக்குத் தேர், நோயாளிக்கு மருந்து எல்லாம் வந்தன. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார். ஊரோடு இருந்திருந்தால் தமிழுக்கு அது கிடைத்திருக்காது. ஆகவே போகவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. போகிறவரைத் துரோகி என்று பேசுவதும் எங்கள் வழக்கமல்ல.

இழப்பும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் ஒன்பது ஆசனங்கள். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. ஆள் குறையக் குறைய ஆசனம் குறைகிறது. எங்கள் வாக்கைச் சட்டத்தால் எடுத்தார்கள். உங்கள் வாக்கு விமானம் ஏறிப் போகிறது. முடிவு ஒன்றுதான்: தார்ப் பாதைக்கும் தண்ணீருக்கும் பேச ஆள் குறைவு. பிள்ளைகள் குறைந்த பாடசாலை, வைத்தியர் நிற்காத ஆஸ்பத்திரி, தனியே இருக்கும் கிழவி. உண்டியலில் காசு வரும். ஆனால் காய்ச்சல் வந்த இரவில் தலைமாட்டில் இருந்து சுடுதண்ணீர் கொடுக்க உண்டியலால் முடியாது.

மலையிலும் இப்போது போகிறார்கள். பெருந்தோட்டங்களை 1992 இல் கம்பனிகளிடம் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் பதிவுத் தொழிலாளர் தொகை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்காகப் போராடி 2021 இல்தான் பெற்றோம். 2024 இல் அது 1,350 ரூபா ஆனது. அதற்குள் அரிசி விலை எங்கேயோ போய்விட்டது. வேலைக்கு ஆள் இல்லை என்று கம்பனி சொல்கிறது. ஆள் இருக்கிறது. இந்தச் சம்பளத்துக்கு ஆள் இல்லை. இளைஞர் கொழும்பில் கடைக்கும் ஹோட்டலுக்கும் போகிறார்கள். பெண் பிள்ளைகள் கார்மெண்டுக்கும், தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற எஜமான் இருக்கிறான். அவன் கையெழுத்து இல்லாமல் வேலை மாற முடியாது. துண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1921 இல் தடை செய்த சீட்டு வேறு பெயரில் எங்கள் பேத்திமாரின் கைக்கு வந்திருக்கிறது.

மண்ணும் எங்களை விரட்டுகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே இருப்பது ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போக இடம் எங்கே? லயத்தை விட்டால் வேலை போகும், வேலை போனால் காம்பரா போகும். ஆபத்து தெரிந்தும் இருந்தார்கள் என்று எழுதினார்கள். போவதற்கும் ஒரு துண்டுக் காணி வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

ஆகவே நாம் ஒன்றாகக் கேட்க வேண்டியவை எவை?

முதலாவது, காணி. மலையகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று இழுபடாமல் வீட்டுக்கும் பயிருக்கும் போதிய காணி, சட்டப்படியான உறுதியோடு வேண்டும். நுவரெலியாவில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுக்க வந்தபோது எதிர்த்து நின்றவர்கள் மீது சுட்டதில் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் உயிர் கொடுத்தார். அந்தக் காணியில் எங்களுக்கு இன்னும் உரித்து எழுதப்படவில்லை.

இரண்டாவது, வன்னியில் குடியிருப்பவரின் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், போரினால் தங்கள் காணிக்கு வர முடியாமல் போனவர்களின் உரிமையைப் பாதுகாக்கிறது. அது நியாயம். விரட்டப்பட்டவரின் காணி விரட்டப்பட்டவருக்கே. ஆனால் அதே காணியில் முப்பது வருடம் காடு வெட்டிக் கிணறு தோண்டியவரை வெறுங்கையோடு தெருவில் விடுவதும் நியாயமாகாது. அரச காணி இருக்கிறது. மாற்றுக் காணி கொடுத்த பிறகே எவரையும் எழுப்ப வேண்டும். இதை மலையகத்தார் மட்டும் கேட்டால் ஒரு குரல். வடக்கத்தாரும் கேட்டால் அது கோரிக்கை.

மூன்றாவது, பூட்டிய வளவுகள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் சொல்லுங்கள். காணியை விற்கச் சொல்லவில்லை, தானமாகவும் கேட்கவில்லை. எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் போட்டு, ஊரில் காணியற்றவரிடம் பயிர் செய்யக் கொடுக்கச் சொல்லுங்கள். கிணறு இறைக்க இறைக்கத்தான் கிணறு. வளவு துப்புரவாக இருக்கும், ஒரு குடும்பம் ஊரில் நிற்கும், பாடசாலைக்கு இரண்டு பிள்ளை வரும்.

நான்காவது, வெளிநாடு போகிறவரின் பாதுகாப்பு. இதை எங்கள் அங்கத்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் புறப்படாதீர்கள். வேலை ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட், ஒப்பந்தம் இரண்டின் பிரதியையும் வீட்டில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றும் வைத்துவிட்டுப் போங்கள். காணி, நகை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டுவதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோட்டத்தை விட்டுப் போனாலும் சங்க அங்கத்துவத்தை விட வேண்டாம். கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதி, எட்டு மணி நேர வேலை எல்லாம் உரிமைதான்.

ஐந்தாவது, வருகிறவரை ஏற்பது. நாளை நாரந்தனைக்கும் வேலைக்கு ஆள் வரும். மலையிலிருந்து வரலாம், வேறு மாவட்டத்திலிருந்தும் வரலாம். மேசனாக, தோட்ட வேலைக்கு, படகில் உதவிக்கு வருவார்கள். அவர்களிடம் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். அவர்கள் பிள்ளையை வீட்டு வேலைக்குக் கேட்காமல் பாடசாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிய உதவுங்கள். வந்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எண்ணூறு வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்த தீவுப் பகுதி இது.

தோழர்களே, மனிதர் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். பசி வந்தால் போவார்கள், குண்டு விழுந்தால் போவார்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் நல்ல சம்பளம் தேடிப் போவார்கள். அதைத் தடுக்கும் வேலை தொழிற்சங்கத்துக்கு இல்லை. போகிறவர் கடனோடு போகக்கூடாது; கையில் ஒப்பந்தத்தோடு போக வேண்டும். ஊரில் ஒரு துண்டுக் காணியும், திரும்பி வந்தால் திறக்க ஒரு கதவும் அவருக்கு இருக்க வேண்டும். போக விரும்பாதவருக்கு, இருந்த இடத்தில் இருந்தே பிழைக்கிற சம்பளம் வேண்டும். இதற்காக மலையில் நாங்கள் நிற்கிறோம். தீவில் நீங்கள் நில்லுங்கள்.

வந்தவரை வரவேற்று, கூழும் ஒடியல் பிட்டும் தந்து, கேட்கக் கசப்பானதையும் பொறுமையாகக் கேட்ட நாரந்தனை மக்களுக்கு எமது சங்கத்தின் நன்றி. அடுத்த கூட்டம் மலையில். அங்கே வாருங்கள், தேயிலைச் சாயம் எங்கள் பொறுப்பு.